ஒரு மாரியும் இரண்டு சாக்குகளும்

மாரி தொடங்கியதும் ஊரிலுள்ளோர் குடையைத் தேடுவர். நான் சாக்கைத் தேடுவேன். அரிசியும் மாவும் பொலித்தீன் பைகளில் வந்திறங்கும் இக்காலத்திலே நல்ல சணற்சாக்கொன்று அகப்படுவது அத்துணை எளிதன்று. மன்னார்க் கடைத்தெருவிலே கருவாட்டு வியாபாரி ஒருவர் எனக்கென்றே இரண்டொன்றை எடுத்து வைத்திருப்பார். "சாக்குக்கு அலையிற பள்ளிக்கூட மாஸ்ரரை நான் இஞ்சைதான் கண்டனான்" என்று ஒவ்வோராண்டும் தவறாமற் சொல்லுவார். அவருடைய சாக்கிலே வீசும் வாசனையைப்பற்றி என் மனைவிக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்தச் சாக்குகளில் ஒன்றைச் சேற்றின்மேல் விரித்து, அதன்மீது குப்புறப் படுத்து, மற்றொன்றை முதுகின்மேற் போர்த்துக்கொண்டு, கமராவின் கண்ணாடி மாத்திரம் வெளியே நீட்டியிருக்கும்படி மணிக்கணக்காகக் கிடப்பதே ஐப்பசி முதற் பங்குனி வரையில் என் சனி, ஞாயிற்றுக்கிழமைகளின் அலுவல். வார நாட்களில் நான் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி இங்கே வந்தபோது, "மன்னாரா? வெயிலும் கழுதையும் பெருக்கமரமுமன்றி அங்கே வேறென்ன இருக்கிறது?" என்று அனுதாபப்பட்ட நண்பர்கள் பலர். அவர்கள் மாரியில் இவ்வூரைப் பார்த்தவர்களல்லர்.

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளமுடையது. அதனூடாக அதிகாலையில் மோட்டார் சைக்கிளிற் சென்றால் இருபுறமும் நீரும் சேறும் வானமும் ஒன்றாகக் கலந்து, எது எதிலே முடிகிறது என்று சொல்லமுடியாதபடி கிடக்கும். தாம்போதியைக் கடந்து தள்ளாடியை அடைந்து, அங்கிருந்து தெற்கே பார்த்தால் வங்காலை வரையில் விரிந்து செல்வது வங்காலைச் சரணாலயம். 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இவ்விடம், 2010இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்டயர். ஈரான் தேசத்து ராம்சார் நகரிலே 1971இற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின் பெயரால் இவ்வரிசை வழங்குகிறது. வீதியிற் செல்லும் பேருந்துப் பிரயாணிகளுக்கோ இஃது உவர்வெளி. சன்னலோரத்தில் இருப்பவர்கள் இங்கே வந்ததும் கண்ணை மூடிக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

போர்க்காலத்தில் இவ்விடத்திலே தொலைநோக்கியுடனோ கமராவுடனோ நடமாடுவது நினைத்துப் பார்க்கவும் இயலாத காரியம். பறவைகள் அப்பொழுதும் வந்தே இருக்கும். பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

முதலில் வருவன சிறிய உள்ளான்கள். ஆவணி கழிவதற்குள்ளேயே அவற்றின் முன்னோடிகள் தலைகாட்டிவிடும். கொசு உள்ளான் என்றொரு பறவை உண்டு. நிறை முப்பது கிராம் அளவே இருக்கும். வட துருவத்தை அடுத்த பனிவெளியிலே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே உறைபனி விழுமுன் புறப்பட்டு, ஆசியாக் கண்டத்தைக் குறுக்கறுத்து இவ்வளவு தூரம் வந்து, நம்முடைய சேற்றிலே ஊசி குத்துவதுபோல் அலகைக் குத்திக் குத்தித் திரியும். அதைக் காணும்போதெல்லாம், வகுப்புக்கு வருவதற்குக் கால் மைல் நடக்க அலுத்துக்கொள்ளும் என் மாணாக்கரை நினைத்துக்கொள்வேன். கடற்காகத்தின் பிரயாணமும் இளைத்ததன்று. 2021ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மன்னார்க் கரையிற் சில கடற்காகங்களுக்குச் செய்மதியோடு தொடர்புகொள்ளும் சிறு கருவிகளைப் பூட்டிவிட்டார்கள். அவை இரஷ்யாவின் வடதுருவக் கரையோரம் வரையிற் சென்றதைக் கருவிகள் காட்டிக்கொடுத்தன. மீன்வாடியிலே குடலுக்குச் சண்டை பிடிக்கும் பறவை அவ்வளவு தூரம் உலகம் கண்டது என்று யார் நினைப்பார்?

உள்ளான்களுக்குப் பின் கருவால் மூக்கனும் பவளக்காலியும் வரும். கார்த்திகையிலே வாத்துக்கள் இறங்கும். ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் ஆயிரக்கணக்கில் நீர்மேல் அமர்ந்திருக்கையில், தூரத்திலே கறுப்புப் பாய் விரித்தாற்போலிருக்கும். மார்கழி நெருங்கும்போது, அடிவானத்திலே வெள்ளைக் கோடொன்று தோன்றும். வெயில் ஏறியதும் அந்தக் கோட்டிலே இளஞ்சிவப்பு ஊறும். அதுதான் பூநாரைக் கூட்டம். அவற்றிற் பல இந்தியாவின் கச்சுப் பகுதியிலிருந்து வருவன என்பது பலருடைய கருத்து. அங்குள்ள உப்புச் சதுப்பிலே அவை பெருந்திரளாகக் கூடி, சேற்றைக் குவித்துக் கூடு செய்து குஞ்சு பொரிக்கின்றன. பறவையியலறிஞர் சாலிம் அலி 1945ஆம் ஆண்டில் அவ்விடத்துக்குச் சென்று பார்த்து எழுதியிருக்கிறார்.

படம் பிடிக்கும் வித்தையைப்பற்றி மாணவர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. கமராவின் விலையை முதலிற் கேட்பார்கள்; அதைக் கேட்டபின் வேறொன்றும் கேட்கமாட்டார்கள். என்னுடையது ஒருவர் பாவித்துக் கழித்தது. அதன் 400 மில்லிமீற்றர் நீளக் கண்ணாடியை வாங்கிய மாதத்திலே வீட்டில் ஒரு சோடி காப்புச் செய்வதாக இருந்த திட்டம் பின்போடப்பட்டது. இன்னமும் பின்போடப்பட்டே இருக்கிறது.

முதல் மாரியில் நான் எடுத்த படங்களில் எல்லாப் பறவைகளும் அழுக்கேறிய வேட்டிபோல் இருந்தன. காரணம் பின்புதான் விளங்கியது. கமராவினுள்ளே ஒளியை அளக்கும் கருவி, உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமானது என்ற கொள்கையுடையது. வெள்ளைப் பறவையொன்று படம் முழுவதையும் நிரப்பி நின்றால், 'அடடா, ஒளி மிஞ்சிவிட்டதே' என்று தானே எண்ணிக் குறைத்துவிடும். நாம்தான் அதன் சொல்லைக் கேளாது சற்றே கூட்டிவிடவேண்டும். கரிய பறவைக்கு இதற்கு எதிர்மாறு. கறுப்பும் வெள்ளையுமாய் உடல் வகுக்கப்பட்ட நண்டுதின்னி உள்ளானுக்கு என்ன செய்வது? அதற்கு விடை, வெயில் ஏறுமுன் வீட்டிலிருந்து புறப்படுவது. காலை ஒன்பது மணிக்குமேல் இவ்வெளியிலே காற்றுக் கொதிக்கத் தொடங்கும். நூறு முழத்துக்கு அப்பால் உள்ளது எதுவும் நீருக்கடியிற் கிடப்பதுபோல் நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும் அதனை நேராக்க முடியாது.

மழையிலும் உப்புக்காற்றிலும் கமராவைக் காப்பது தனிப்பாடு. ஈரம் தங்கினால் கண்ணாடியினுள்ளே பூஞ்சணம் பிடித்து, சிலந்தி நூல்போற் பரவிவிடும். வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாலே உப்பைத் துடைத்து, காற்றுப்புகாத பெட்டியிலே ஈரம் உறிஞ்சும் மணிகளுடன் வைத்துவிடவேண்டும். "பிள்ளையைக் குளிப்பாட்டினமாதிரி எல்லே" என்பாள் மனைவி. பிள்ளையைக் குளிப்பாட்டியது எத்தனை நாள் என்று அவள் கேட்பதற்குமுன் நான் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடுவேன்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்லவேண்டும்.

பத்தாம் தரத்திலே படித்த மாணவன் ஒருவன் அவ்வாண்டு மாரி முழுவதும் என்னோடு வந்துகொண்டிருந்தான். தகப்பன் கடற்றொழிலாளி. பையனுக்கு இரசாயனச் சமன்பாடு மண்டையில் ஏறாது. ஆனால் தூரத்திலே பறக்கும் பறவையின் சிறகடிப்பை வைத்து, அஃது ஆலாவா கடற்காகமா என்று எனக்கு முன்னே சொல்லிவிடுவான். முக்காலியைச் சுமப்பான். இரண்டாவது சாக்கு அவனுடையது. நான்கு மணி நேரம் சேற்றிற் கிடந்தாலும் இருமமாட்டான். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல மாணாக்கன் வாய்ப்பது அரிது.

மாசியிலே பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி நடைபெறுவதாக இருந்தது. வாசலிலே பெரிய படமொன்று தொங்கவிட வேண்டும் என்று அதிபர் விரும்பினார். என்னிடம் படங்கள் இருந்தன. நிற்கும் பூநாரை, நடக்கும் பூநாரை, தலையைத் தண்ணீருக்குள் விட்டு உண்ணும் பூநாரை. எல்லாம் அமைதியான படங்கள். என் மனத்திலோ வேறொரு படம் இருந்தது. நாட்காட்டிகளிலே நீங்களும் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒருங்கே எழுந்து, சிறகின் உட்புறத்துச் செம்மையும் கருமையும் வானம் முழுவதையும் நிறைக்கும் படம். நிற்கும்போது வெள்ளையாகத் தோன்றும் அப்பறவை சிறகு விரித்ததும் தீப்பற்றியதுபோல் மாறிவிடும். அந்தக் கணத்துக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். அவை எழவில்லை. அவற்றுக்கு உண்ணும் வேலை இருந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாட் காலை. வாடைக்காற்று நிதானமாக வீசிக்கொண்டிருந்தது. பூநாரையின் உடல் பாரமானது. நின்ற இடத்திலிருந்து எழும்ப அதனால் இயலாது. தண்ணீரின்மேற் சிறிது தூரம் ஓடி, காற்றை எதிர்த்தே எழும்பும். இது எனக்குத் தெரியும். ஆகையால் கூட்டத்துக்கு வடகிழக்கே, வீதிப் பக்கமாக நான் படுத்துக்கொண்டேன். காற்று என் முதுகுப் புறமிருந்து வந்தது. வெயிலும் இடப்பக்கத் தோளுக்குமேலாக விழுந்தது. பையனைச் சுற்றுவழியாக மறுபுறம் அனுப்பினேன். "நான் கையை உயர்த்தினதும் சாக்கைத் தலைக்குமேலே சுழற்றிக்கொண்டு ஓடி வா" என்று சொல்லியிருந்தேன். அவன் சற்றுத் தயங்கினான். "பறந்திடுமே, சேர்?" என்றான். "அதற்குத்தானே" என்றேன்.

காற்றைக் கணித்தேன். ஒளியைக் கணித்தேன். கமராவின் திரை ஒரு வினாடியின் இரண்டாயிரத்திலொரு பங்கிலே திறந்து மூடும்படி அமைத்தேன். எனக்குப் பின்னே வீதியோரமாகச் சென்ற மின்கம்பியை மாத்திரம் நான் கணிக்கவில்லை.

கையை உயர்த்தினேன். அவை ஓடின, தண்ணீர் சிதறியது, எழுந்தன. வாத்துக் கத்துவதுபோன்ற அவற்றின் குரல் என் தலைக்குமேலாகப் போயிற்று. விரலை எடுக்காமலே படம் பிடித்தேன். அவ்வேளையில் எனக்கிருந்த மகிழ்ச்சியை மறைப்பது பொய்யாகும். சேற்றிலேயே எழுந்திருந்து, கமராவின் பின்புறத்திலே படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு படங்கள். அவற்றிலொன்று நான் நினைத்ததையும் விஞ்சியிருந்தது.

பையன் ஓடி வந்தான். படத்தைப் பார்ப்பதற்கென்று எண்ணி, கமராவை அவன் பக்கம் திருப்பினேன். அவன் அதைப் பார்க்கவில்லை. "சேர், ஒண்டு கம்பியில அடிபட்டு விழுந்திட்டுது" என்றான்.

வீதியோரத்து உவர்ப்பற்றையிலே அது கிடந்தது. சிவப்பு இன்னும் ஏறாத இளம்பறவை. பூநாரைக் குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே பிறந்து வளர்கின்றன. உண்ணும் கூனிகளிலும் நுண்பாசிகளிலுமுள்ள சாயமே ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறகில் ஏறுகிறது. இதை வகுப்பிலே நான் கற்பித்திருக்கிறேன். அந்தப் பறவைக்கு அதற்கு அவகாசம் இருக்கவில்லை. இடச்சிறகு தோளண்டை முறிந்து தொங்கியது. எழ முயன்று முயன்று நீண்ட கழுத்தை மண்ணிலே அடித்தது. பையன் தன் சாக்கை அதன்மேற் போர்த்து, கால்களை மடித்து, மடியிலே தூக்கி வைத்துக்கொண்டான். அவ்வளவு நிதானம் எனக்கு வரவில்லை.

வனசீவராசிகள் திணைக்களத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தோம். அதிகாரிகள் இருவர் வந்தனர், மரியாதையானவர்கள். "என்ன நடந்தது, மாஸ்ரர்?" என்று ஒருவர் கேட்டார். "கம்பியிலே அடிபட்டுவிட்டது" என்றேன். அது பொய்யன்று. அவர் தலையை ஆட்டினார். இந்தக் கம்பிகளால் வேறு பறவைகளும் விழுந்தனவென்று சொல்லி, என்னுடைய அக்கறைக்கு நன்றியும் கூறினார். பையன் சாக்கோடு பறவையை வண்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் முக்காலியை மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே பறவை இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

கண்காட்சியிலே படம் தொங்கியது. ஆறடி அகலம். பெற்றோர் அதன்முன் நின்று தங்கள் கைத்தொலைபேசிகளால் அதைப் படம் பிடித்துக்கொண்டனர். படத்தைப் படம் பிடிப்பதில் என்ன இன்பம் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை; அது வேறு விஷயம். பிரதம விருந்தினராக வந்த பெரியவர் என் கையைப் பற்றி, "இப்படியொரு கணத்தை எப்படி ஐயா பிடித்தீர்கள்?" என்று வியந்தார். "காத்திருந்தேன், ஐயா" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், வரவேற்பு மேசையருகே சந்தனக் கிண்ணத்துடன் பையன் நின்றிருந்தான். அவன் முகத்திலே கோபமில்லை. புதிதாக ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவனுடைய பார்வையாகவே அஃது இருந்தது. அந்தப் பார்வையை நான் வகுப்பறையிலே பலமுறை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன்.

அதன்பின் சனிக்கிழமைகளில் அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தனியே சென்றேன். பூநாரைகள் களப்பின் நடுவுக்குப் போய்விட்டிருந்தன. முன்பு எண்பது முழத்தில் நின்றவை இப்பொழுது அரை மைலுக்கு அப்பால் வெள்ளைக் கோடாயின. நான் சேற்றில் இறங்கியதும் கோடு இன்னும் விலகிற்று. அங்கே வீச்சுவலையோடு இறாலுக்கு வரும் முதியவர் ஒருவர் உண்டு. இடுப்பளவு நீரில் அவர் நடந்து செல்ல, அதே கூட்டம் அவருக்குச் சற்றே வழிவிட்டு, மீண்டும் தலையை நீருக்குள் விட்டுக்கொண்டது. எனக்கு வெட்கமாகவும் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அவர் கரையேறியபோது, அதன் இரகசியத்தைக் கேட்டேன்.

"மாஸ்ரர், இடம்பெயர்ந்து போயிருந்த காலம் போக, மிச்சம் முழுக்க நான் இந்தத் தண்ணிக்கைதான் நடக்கிறன். என்னைக் கண்டு அதுகள் எழும்பிறேல்லை. ஏனெண்டு தெரியுமே? நான் அதுகளைப் பார்க்கிறேல்லை. எனக்கு என்ர இறால், அதுகளுக்கு அதுகளின்ர சாப்பாடு. நீங்கள் வந்தா அதுகளையே பார்த்துக்கொண்டெல்லே வாறியள். நரியும் அப்பிடித்தான் வரும்."

பிறகு வலையை உதறிக்கொண்டே, "பொங்கலுக்கு அடுத்த நாள் நானும் அங்காலை நிண்டனான்" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பத்தாம் தரத்தில் உயிரியற் பாடம். இடம்பெயரும் பறவை புறப்படுவதற்குமுன் உடலிலே கொழுப்பைச் சேமிப்பதைப்பற்றிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கொழுப்பே அதன் வழிச்செலவு. உண்ணும் நேரத்தில் அதனை ஒருமுறை கலைத்தால், உண்ணாத நேரம் ஒரு நட்டம். பறப்பதற்குச் செலவான கொழுப்பு இன்னொரு நட்டம். இவ்விடத்திலே வெண்கட்டி நின்றுவிட்டது. திரும்பி நின்று, வாசலிலே தொங்கிய படம் எப்படி எடுக்கப்பட்டதென்பதைச் சொன்னேன். சாக்கைச் சுழற்றச் சொன்னது நான் என்பதையும், அதிகாரியிடம் பாதியை மறைத்ததையும், காத்திருந்ததாகப் பெருமை கொண்டதையும் சொன்னேன். முப்பத்திரண்டு பிள்ளைகள். ஒருவரும் பேசவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி மாத்திரம், "சேர், அப்ப அந்தப் படத்தைக் கழற்றுவியளோ?" என்று கேட்டாள். அதிபரிடம் பேசி, மறுநாட் கழற்றினோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. அச்சிட்ட செலவு பாடசாலையுடையது.

சனிக்கிழமை ஐந்து மணியிருட்டிலே வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பையன் நின்றிருந்தான். பின்தட்டிலே இரண்டு புதிய சாக்குகள். முன்பிருந்த சாக்கொன்று பறவையோடு போய்விட்டதல்லவா? ஒன்றுக்குப் பதில் இரண்டாக எங்கே தேடிப்பிடித்தான் என்று நான் கேட்கவில்லை. "இஞ்சருங்கோ, பொடியனுக்கும் தேத்தண்ணி ஊத்தியிருக்கிறன்" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

அன்றுமுதல் முறையை மாற்றிக்கொண்டோம். கூட்டத்தை நோக்கிச் செல்வதை விட்டு, முதியவர் நட்டிருந்த தடிகளின் அருகே, விடியுமுன் போய்ப் படுத்துக்கொண்டோம். மாசியிலே மழை நின்று நீர் வற்றத் தொடங்கும். இக்கரையில் கடலின் ஏற்றவற்றம் இரண்டடி அளவே. நீர் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மழையும் காற்றுமே. நீர் ஒதுங்கும் திசையிலே பறவைகளும் ஒதுங்கும். முதலாம் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் மூக்கன்கள் வந்தன. புறப்படும் காலம் நெருங்கியதால் அவற்றின் மார்பிலே செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. மூன்றாம் வாரத்திலே, நான் சாக்கின்கீழ் நெளிகால் பிடித்து வேதனைப்பட்டுக்கொண்டிருந்த சமயம், பையன் முழங்கையால் என்னை இடித்தான்.

மிக அருகில் அவை நின்றன. பூநாரை உண்பதை அவ்வளவு அண்மையில் அதற்குமுன் நான் கண்டதில்லை. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாகும்படி நீரில் விட்டு, நாக்கை உந்துகோல்போல முன்னும் பின்னும் அசைத்து நீரை இழுத்து வெளியேற்றும். அலகின் ஓரத்துச் சீப்புப்போன்ற வரிகளிலே இரை தங்கிவிடும். அதற்குமுன் அது செய்யும் காரியம் வேடிக்கையானது. ஒரே இடத்திலே கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, தன்னைத்தானே சுற்றி வரும். சேறு கலங்கி, அதிலுள்ளவை மேலெழும். திருவிழாவிலே காவடிக்காரர் ஆடுவதை இது எனக்கு நினைவூட்டியது. இரண்டு பெரியனவும் ஒரு சாம்பற்குஞ்சும் அருகருகே இவ்வாறு மிதித்துக்கொண்டிருந்தன.

நான் கமராவைத் தொட்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். திரை திறந்து மூடும் ஓசை அந்த அமைதியிலே பெரிதாகக் கேட்கும். "எடுங்கோ சேர்" என்று பையன் வாய்க்குள் முணுமுணுத்தான். "நீ எடு" என்று கமராவை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரேயொரு முறை அழுத்தினான். குஞ்சு தலையை உயர்த்தி எங்கள் திசையைப் பார்த்தது. சிறிது யோசித்தது. மறுபடியும் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

பங்குனிக் கடைசியில் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக மறைந்தன. வாத்துக்கள் எந்த இரவிலே போயின என்று யாருக்கும் தெரியாது. சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு நாங்கள் போனபோது அவ்வெளி வற்றி, உப்புப் பூத்து, பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. அதன்மேல் வட்டங்கள். பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து அழுத்தினாற்போல, நடுவிலே மேடும் சுற்றிலும் பள்ளமுமாய், நூற்றுக்கணக்கான வட்டங்கள் சேற்றிலே காய்ந்து கிடந்தன. பூநாரைகள் மிதித்துச் சுற்றிய தடங்கள். நாங்கள் படுத்திருந்த இடமும் பக்கத்திலே காய்ந்திருந்தது: இரண்டு சாக்குகளின் அச்சு, ஒன்று நீளம், ஒன்று கட்டை.

பையன் குனிந்து, ஒரு வட்டத்தின் அகலத்தைச் சாணால் அளந்து பார்த்தான். பிறகு, "சேர், மிதியாமல் வாங்கோ" என்று சொல்லிவிட்டு, வட்டங்களுக்கிடையே வழி பார்த்துப் பார்த்து முன்னே நடந்தான்.

இக்கட்டுரையுடன் பிரசுரிப்பதற்கு ஒரு படம் அனுப்பும்படி ஆசிரியர் எழுதியிருந்தார். பையன் எடுத்ததை அனுப்பியிருக்கிறேன். குஞ்சின் தலை சற்றே அசைந்து தெளிவற்றிருக்கும். அது கமராவின் பிழையன்று.